180 ஆண்டுகளாக ஒரு கோதுமை வயல்

பயிருக்குத் தொழுவுரம் நல்லதா, ரசாயன உரம் நல்லதா? இதை வைத்துப் பட்டிமன்றம் நடத்தினால் ஒரு நாள் போதாது. ஆனால் லண்டனுக்கு வடக்கே, ராதம்ஸ்டெட் பண்ணையில் பிராட்பால்க் என்னும் வயலில் இந்தக் கேள்வி 1843 முதல் கேட்கப்பட்டு வருகிறது. பதில் சொல்பவை கோதுமைச் செடிகள்.

சோதனையைத் தொடங்கியவர்கள் ஜான் லாஸ், வேதியியலார் ஹென்றி கில்பர்ட் இருவரும். லாஸ் 1842-இல் சூப்பர் பாஸ்பேட் தயாரிக்கக் காப்புரிமை பெற்ற உர வியாபாரி! தம் சரக்கைச் சாணத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்திப் போட்டிக்கு விட்ட துணிவைப் பாராட்டத்தான் வேண்டும்.

வயலை நீண்ட பட்டைகளாகப் பிரித்தார்கள். ஒன்றுக்கு எந்த உரமும் இல்லை. ஒன்றுக்கு ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 டன் தொழுவுரம். மற்றவற்றுக்குப் பலவகை ரசாயன உரங்கள். உரமில்லாத பட்டை ஹெக்டேருக்குச் சுமார் 1 டன் கோதுமைதான் தந்தது. தொழுவுரப் பட்டையும் முழு ரசாயன உரம் பெற்ற பட்டையும் நூறாண்டுக்கு மேல் ஏறக்குறைய சமமாகவே விளைந்தன.

இங்கே ஒரு புதிர். 35 டன் தொழுவுரத்தில் 200 கிலோவுக்கு மேல் நைட்ரஜன் இருக்கிறது. ரசாயனப் பட்டைக்கு அதைவிடக் குறைவு. பின் ஏன் சமம்? தொழுவுரத்தின் நைட்ரஜனில் பெரும்பகுதி கரிமப் பொருள்களில் கட்டுண்டிருக்கிறது. நுண்ணுயிர்கள் சிதைத்து விடுவித்தால்தான் வேர் அதை உறிஞ்ச முடியும். குளிரில் அவை மந்தம். வசந்தத்தில் பயிர் பசியோடு கேட்கும்போது பரிமாற்றம் போதவில்லை. அறுவடைக்குப் பின்னும் அவை வேலையை நிறுத்துவதில்லை. உண்ண ஆளில்லாத நைட்ரேட் மழைநீரோடு நிலத்தடிக்குப் போய்விடுகிறது. ஆகவே இயற்கை உரத்தால் மாசே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

மண்ணின் கதை வேறு. நான் இயற்பியல்காரன்; எனக்குப் பிடித்தது இதுதான். தொழுவுரப் பட்டையின் மண்ணில் கரிமப் பொருள் இரண்டு மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. மட்கு மண்துகள்களை ஒட்டிச் சிறு கட்டிகளாக்கும். கட்டிகளுக்கிடையிலுள்ள அகன்ற துளைகளில் காற்று. உள்ளேயுள்ள நுண்துளைகளில் நுண்புழை விசையால் தங்கும் நீர். 1849-இல் பட்டைகளுக்கு அடியில் வடிகுழாய்கள் பதித்தார்கள். மழைக்குப் பின் மற்றக் குழாய்கள் ஓடும்போதும் தொழுவுரப் பட்டையின் குழாய் அபூர்வமாகவே ஓடியது!

1968 முதல் குட்டை ரகக் கோதுமைகள் வந்தன. தொழுவுரத்தோடு ஓரளவு ரசாயன நைட்ரஜனும் சேர்த்துக் கொடுத்த பட்டை, பின்னர் இரண்டையும் முந்தியது. மண்ணை ஒன்று பார்த்துக்கொண்டது, பசி நேரத்தை மற்றொன்று பார்த்துக்கொண்டது.

ஆனால் எல்லா வயல்களுக்கும் 35 டன் தொழுவுரத்துக்கு எங்கே போவது? அதே பண்ணையின் பார்லி வயலில் ஒரு பட்டைக்கு 1852 முதல் 1871 வரை மட்டும் தொழுவுரம் இட்டார்கள். பிறகு ஒரு கூடைகூட இல்லை. நூறாண்டு கழிந்த பின்னும் அது, உரமே காணாத பக்கத்துப் பட்டையைவிட அதிகம் விளைந்தது.