அஷ்டமியில் கடலுக்குப் போகலாமா?

குரோய்டனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ஐந்து வயதிலும் மூன்று வயதிலுமாக இரண்டு பிள்ளைகள். கோடை விடுமுறையில் ஒருநாள் கடற்கரைக்குக் கூட்டிப்போக வேண்டும். பிரைட்டன் நல்லதா, கேம்பர் சாண்ட்ஸ் நல்லதா, மார்கேட் நல்லதா?

மூன்றுமே நல்ல கடற்கரைகள்தான். ஆனால் இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையில் இடத்தை முடிவு செய்வதற்கு முன் தேதியை முடிவு செய்ய வேண்டும். அதற்கு வேண்டிய கருவி அநேகமாக அவர் வீட்டுச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். லண்டன் ரோட்டுத் தமிழ்க் கடைகளில் தை மாதம் கொடுக்கிறார்களே, திதியும் ராகுகாலமும் போட்ட நாட்காட்டி, அதைத்தான் சொல்கிறேன்.

கோடை வந்தால் இங்குள்ள பத்திரிகைகள் 'சிறந்த பத்துக் கடற்கரைகள்' பட்டியல் போடுகின்றன. மணலின் நிறத்திலிருந்து ஐஸ்கிரீம் கடை வரை அதில் இருக்கும். பகல் 12 மணிக்கு அந்த மணல் தண்ணீருக்கு மேலே இருக்குமா, அடியில் இருக்குமா என்பது மட்டும் இருக்காது. 'சூப்பர் மூன்' வந்துவிட்டால் கடல் பொங்கும் என்று தலைப்புப் போடுகிறார்கள். நிலவு பூமிக்குக் கிட்டே வரும்போது ஓதம், அதாவது கடலின் ஏற்ற இறக்கம், கூடுவது உண்மை. பிரைட்டனில் அந்தக் கூடுதல் அரை மீட்டர் அளவில் இருக்கலாம். ஆனால் அதே பிரைட்டனில் அரைநிலவு நாட்களை ஒட்டி வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் இடையே சுமார் 3 மீட்டர் வித்தியாசம், முழுநிலவையும் அமாவாசையையும் ஒட்டி சுமார் 6 மீட்டர். மாதத்துக்கு இரண்டு முறை நடக்கும் இந்த இரட்டிப்பு எந்தத் தலைப்பிலும் வருவதில்லை.

நம் ஊரில் இது எதுவும் தேவைப்பட்டதில்லை. இலங்கையைச் சுற்றி எங்குமே கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு. சென்னையில் ஏறக்குறைய ஒரு மீட்டர். காரைநகரின் கசூரினா கடற்கரையில் காலையில் விரித்த பாயை மாலை வரை நகர்த்த வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தோடு வந்து இறங்கியவர்களும், அவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளும் போய் நிற்கிற கடல் இது. இங்கே சவுத்எண்டில் கப்பல் அணையும் மேடையை 2 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்குக் கடலுக்குள் கட்ட வேண்டியிருந்தது. வற்றத்தின்போது கடல் அவ்வளவு தூரம் விலகிப் போய்விடும்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ஆங்கிலக் கால்வாயின் நீளம் சுமார் 560 கிலோமீட்டர், சராசரி ஆழம் சுமார் 63 மீட்டர். இந்த ஆழத்தில் ஓத அலை மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ஓர் ஏற்றத்திலிருந்து அடுத்த வற்றத்துக்கு ஆகும் நேரம் 6 மணி 12 நிமிடம். அந்த நேரத்தில் அலை எவ்வளவு தூரம் போகும் என்று பெருக்கிப் பாருங்கள்: கிட்டத்தட்ட 560 கிலோமீட்டர். கால்வாயின் நீளமும் நிலவின் தாளமும் இப்படிப் பொருந்திப்போவதற்கு எந்த அவசியமும் கிடையாது. ஆனாலும் பொருந்தியிருக்கிறது. சசெக்ஸ் கடற்கரையின் குணம் முழுவதும் இந்தப் பொருத்தத்திலிருந்துதான் பிறக்கிறது.

ஆரத்தித் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்பு நீர், நடுவில் வெற்றிலை, அதன் மேல் எரியும் கற்பூரம். சமையலறையிலிருந்து வாசலுக்கு எடுத்துக்கொண்டு நடக்கிறோம். நம் நடையின் தாளமும் தட்டு நீர் தானாக ஆடும் தாளமும் ஒன்றாகிவிட்டால் போதும், நீர் இந்த விளிம்பில் எழும்பும், அந்த விளிம்பில் தாழும். அடுத்த அடியில் அங்கே எழும்பும், இங்கே தாழும். நடுவில் இருக்கும் வெற்றிலை மட்டும் சற்றே சாய்ந்து கொடுக்குமே தவிர மேலும் கீழும் போகாது. ஆங்கிலக் கால்வாய் அந்தத் தட்டுதான். ஏந்தி நடப்பது நிலவும் சூரியனும் அசைக்கிற அட்லாண்டிக். ஒரு விளிம்பு கார்ன்வால், மறு விளிம்பு டோவர். டோவரில் நீர் உச்சத்தில் இருக்கும்போது கார்ன்வாலின் நுனியில் வற்றம். வெற்றிலை இருக்கும் இடம் போர்ன்மவுத். அங்கே பெரிய ஓத நாளில்கூட ஏற்றம் 2 மீட்டரைத் தொடுவது அரிது. அங்கிருந்து பிரைட்டன் காரில் போய்விடக்கூடிய தூரம்தான், அதற்குள் ஏற்றம் மூன்று மடங்காகிவிடுகிறது.

இன்னும் கொஞ்சம் நீட்டலாம். ஆரத்தித் தட்டை யாரும் நேராகப் பிடித்துக்கொண்டே நிற்பதில்லை, சுற்றுகிறோம். இந்தத் தட்டும் சுற்றுகிறது, பூமியோடு சேர்ந்து. வட அரைக்கோளத்தில் ஓடும் நீர் தன் வலப்பக்கம் ஒதுங்கும். ஏற்றத்தின்போது நீர் கிழக்கே ஓடுகிறது. வலப்பக்கம் பிரான்ஸ், அங்கே குவிகிறது. வற்றத்தின்போது மேற்கே ஓடுகிறது. இப்போது வலப்பக்கம் இங்கிலாந்து, பிரெஞ்சுக் கரையில் நீர் இன்னும் இறங்கிவிடுகிறது. அதனால் பிரான்ஸில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். செயின்ட் மாலோவில் பெரிய ஓதம் 12 மீட்டர் வரை போகிறது. தட்டின் டோவர் விளிம்பில் ஒரு கீறலும் இருக்கிறது, அதன் வழியே கொஞ்சம் வட கடலுக்குக் கசிகிறது. இதற்கு மேல் நீட்டினால் தட்டு உடைந்துவிடும்.

நாட்காட்டிக்கு வருவோம். பௌர்ணமியிலும் அமாவாசையிலும் சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் இருக்கின்றன. ஆகவே நிலவு உச்சியைக் கடப்பது எப்போதும் நண்பகலை அல்லது நள்ளிரவை ஒட்டித்தான். நிலவு கடந்து எத்தனை மணி நேரம் கழித்து ஓரிடத்தில் கடல் ஏறி முடியும் என்பது அந்த இடத்துக்கு ஏறக்குறைய மாறாத ஒரு கணக்கு. டோவருக்கு அது சுமார் 11 மணி நேரம். விளைவு என்ன? டோவர், ஹேஸ்டிங்ஸ், பிரைட்டன் பக்கமெல்லாம் பௌர்ணமி, அமாவாசை நாட்களில் கோடைக்கால நேரப்படி நண்பகல் 12 மணி, 1 மணி வாக்கில் கடல் முழு ஏற்றத்தில் இருக்கும். இந்த வருடம், அடுத்த வருடம், பிள்ளைகள் வளர்ந்து அவர்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் வருடம், எப்போதும் இப்படித்தான். பிரைட்டனில் அந்நேரம் மணலே தெரியாது. சரிந்து இறங்கும் கூழாங்கற்கள், உடனே ஆழம்.

ஏழு நாள் தள்ளி அரைநிலவோடு அஷ்டமி வரும்போது கணக்கு ஆறு மணி நேரம் நகர்ந்திருக்கும். அஷ்டமி, நவமி, தசமி மூன்று நாட்களிலும் ஏறக்குறைய நண்பகலிலிருந்து 2 மணிக்குள் கடல் வற்றி நிற்கும். மணல் வெளியே தெரியும். ஓதமும் சிறியது, நிலவின் கட்டம் மாறி ஓரிரு நாள் கழித்தே கடல் அதற்குப் பதில் சொல்லும் என்பதால் நவமி, தசமியில் இன்னும் சிறியது. பயணத்துக்கு ஆகாது என்று நாம் ஒதுக்கி வைத்த நாட்களே சின்னப் பிள்ளைகளோடு இந்தக் கடலுக்குப் போக ஏற்ற நாட்கள். ஆறு வாரக் கோடை விடுமுறையில் இப்படி இரண்டோ மூன்றோ வாய்ப்புகள் கிடைக்கும். கிழக்குக் குரோய்டனில் ரயில் ஏறினால் பிரைட்டன் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும், காலை நேரத்தோடு போய்ச் சேரலாம்.

ஆனால் இந்தக் கணக்கைக் கார்ன்வாலுக்கு எடுத்துப்போகாதீர்கள். தட்டின் மறு விளிம்பு அது, எல்லாம் தலைகீழ். வெஸ்டன் சூப்பர் மேரிலும் பௌர்ணமி நண்பகலில்தான் கடல் விலகிச் சேறு தெரியும்.

வரலாறு வேண்டுமென்றால் ஒன்று சொல்கிறேன். கி.மு. 55-இல் ஜூலியஸ் சீசர் கென்ட் கரையில் படையோடு இறங்கினார். நான்காம் நாள் இரவு பௌர்ணமி. மத்தியதரைக் கடலில் ஓதம் மிகச் சிறியது. பௌர்ணமிக்கும் பெரிய ஏற்றத்துக்கும் உள்ள தொடர்பு தம் ஆட்களுக்குத் தெரிந்திருக்கவில்லை என்று சீசரே எழுதி வைத்திருக்கிறார். புயலும் சேர்ந்துகொள்ள, கரையில் இழுத்து வைத்த கப்பல்களில் நீர் புகுந்தது, நங்கூரமிட்டவை அடிபட்டன. நியூட்டன் 1687-இல் காரணத்தைச் சொன்னார், கெல்வின் 1870-களில் கணிக்கும் இயந்திரத்தைச் செய்தார். இன்று கைப்பேசியில் ஒரு நொடியில் கிடைக்கிறது. தெரியாத கடலுக்கு வந்தவர்கள் என்ற நிலை மட்டும் நமக்கும் அந்தப் படைவீரர்களுக்கும் பொது.

2016 ஆகஸ்ட் 24. கேம்பர் சாண்ட்ஸில் ஒரே பிற்பகலில் ஐந்து இளைஞர்கள் மூழ்கி இறந்தார்கள். தென்கிழக்கு லண்டனைச் சேர்ந்த, இலங்கைத் தமிழ்க் குடும்பங்களில் பிறந்த பிள்ளைகள். வயது 18 முதல் 27 வரை. வெயில் நன்றாக அடித்த நாள். கடற்கரையில் அன்று உயிர்காப்பாளர்கள் இல்லை. அதன் பிறகுதான் கடல் மீட்பு அமைப்பான ஆர்.என்.எல்.ஐ.யின் உயிர்காப்பாளர்கள் அங்கே நிறுத்தப்பட்டார்கள். நம் வீடுகளில் இன்றும் இதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது. அதனாலேயே அதன் இயற்பியலை வாய்விட்டுப் பேச வேண்டும்.

அந்த நாளின் நிலவைப் பாருங்கள்: தேய்பிறை அரைநிலவு, மறுநாள் கிருஷ்ண ஜெயந்தி. நான் மேலே நல்ல நாள் என்று சொன்ன ஏறக்குறைய அதே வகை நாள். ஓதம் பெரியதல்ல. ஆனால் நண்பகலை ஒட்டிக் கடல் வற்றுகிறது என்றால், பிற்பகல் முழுவதும் ஏறுகிறது என்று பொருள். சிறிய ஓதம் தருவது சலுகை மட்டுமே, காவல் அல்ல.

கேம்பரின் மணல் மிகத் தட்டையானது, ஆனால் சமமானதல்ல. கரைக்கு இணையாக மணல் திட்டுகள். ஒவ்வொரு திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஒரு பள்ளம். வற்றத்தின்போது பள்ளத்தில் கணுக்கால் அளவு நீர்தான் நிற்கும், யாரும் பொருட்படுத்தாமல் தாண்டித் திட்டுக்குப் போய்விடலாம். நீர் ஏறத் தொடங்கும்போது முதலில் திட்டின் மேல் வருவதில்லை. திட்டுகளுக்கு இடையே உள்ள இடைவெளி வழியாகச் சுற்றி வந்து பள்ளத்தை நிரப்புகிறது, அதாவது நம் முதுகுக்குப் பின்னால். முன்னே பார்த்தால் கடல் இன்னும் தள்ளித்தான் இருக்கும். காலடி மணல் ஈரம்கூட ஆகியிருக்காது. திரும்பும்போது கணுக்கால் அளவாக இருந்த பள்ளம் மார்பளவாகி, நீரோட்டமும் சேர்ந்திருக்கும். நீந்தத் தெரிந்தவருக்கே அது கடினம். பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு கடக்க முடியாது.

ஏறும் வேகமும் சீரானதல்ல. மாலுமிகள் மனத்தில் வைத்திருக்கும் ஒரு கணக்கு உண்டு: மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், ஆறு மணி நேரத்தில் அது 1, 2, 3, 3, 2, 1 என்று ஏறும். தோராயம்தான்; சில துறைமுகங்களில் பொருந்தவே பொருந்தாது. ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றைக் காட்டிவிடுகிறது. முதல் மணி நேரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு மட்டும் ஏறுவதைப் பார்த்துவிட்டு 'மெதுவாகத்தான் வருகிறது' என்று முடிவுகட்டிவிடுகிறோம். மூன்றாம், நான்காம் மணி நேரங்களில் மொத்தத்தில் பாதி வந்துவிடும். பெரிய ஓத நாளில் அது மணிக்கு ஒன்றரை மீட்டர் உயரம். நூறு மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் மட்டுமே உயரும் தட்டை மணலில், ஒரு மணி நேரத்தில் 150 மீட்டர் தூரத்தைக் கடல் விழுங்கியிருக்கும்.

ஆகவே வாசகிக்கு: காலையில் நீர் இறங்க இறங்கப் பின்னால் போகலாம், வற்றி நிற்கும் நேரத்தில் மணல்வீடு கட்டலாம். வற்றம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் எல்லாப் பொருட்களையும் கரைப்பக்கம், கடைசிப் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்துவிடுங்கள். உயிர்காப்பாளர்கள் இருக்கும் கடற்கரையில் சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவே மட்டும் தண்ணீரில் இறக்குங்கள். ஆரஞ்சு நிறக் காற்றுப்பை பறந்தால் காற்றடைத்த மிதவை எதையும் நீரில் விடக் கூடாது. ஆபத்தென்றால் 999 அழைத்து 'கோஸ்ட்கார்டு' என்று கேட்க வேண்டும்.

மே மாதக் கடைசியில் வரும் ஒரு வார விடுமுறையை மணலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வெயில் 25 டிகிரி அடித்தாலும் கடல் அப்போது 12 டிகிரி வாக்கில்தான் இருக்கும்; அது சூடாகி 17, 18 டிகிரியைத் தொட ஆகஸ்ட் ஆகிவிடும். 15 டிகிரிக்குக் கீழான நீரில் திடீரென்று விழுந்தால் மூச்சு தானாக வாரி இழுக்கும், அந்த ஒரு இழுப்பில் தண்ணீர் உள்ளே போய்விடும். அப்போது நீந்த முயலாமல் மல்லாந்து மிதந்து மூச்சு அடங்கக் காத்திருக்க வேண்டும் என்பதை ஐந்து வயதுப் பிள்ளைக்கு நீச்சல் குளத்திலேயே பழக்கலாம்.

நாட்காட்டி நாளைத் தேர்ந்தெடுக்கத்தான். போகும் நாளின் சரியான மணியை பிரிட்டிஷ் நீரியல் அலுவலகத்தின் ஈஸிடைட் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பார்க்கும்போது அட்டவணை கிரீன்விச் நேரத்தில் இருக்கிறதா, கோடைக்கால நேரத்தில் இருக்கிறதா என்று தலைப்பைப் படித்துவிடுங்கள். கிரீன்விச் நேரமென்றால் கோடையில் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். மூன்றாம் மணி நேரத்தில் அந்த ஒரு மணி நேரப் பிழை, ஓதம் சிறிதான தசமி நாளில்கூட, முக்கால் மீட்டர் தண்ணீர். மூன்று வயதுப் பிள்ளைக்குத் தோளளவு.