எருதின் எல்லையும் மோட்டாரின் ஆழமும்

கோயம்புத்தூருக்குக் கிழக்கே, என் பாட்டனாரின் தோட்டத்துக் கிணற்றில் கவலை இறைத்ததைச் சிறுவயதில் கண்ணாரக் கண்டிருக்கிறேன். விடிவதற்கு முன்பே எருதுகள் இரண்டும் சரிவில் இறங்க, ஓட்டுகிறவர் வடத்தின்மேல் அமர்ந்து தம் உடற்பாரத்தையும் அவற்றின் இழுப்போடு சேர்த்துக்கொடுக்க, நிறைந்த சால் மேலேறி வந்து தோல் தும்பியின் வழியே வாய்க்காலில் நீரைக் கொட்டும். வெயில் ஏறினால் எருதுகள் களைத்துவிடும்; அவை களைத்ததும் கிணறும் இளைப்பாறும்; இரவெல்லாம் பாறை இடுக்குகளிலிருந்து ஊறி, மறுநாள் விடியலுக்குள் நீர் பழைய மட்டத்தை எட்டிவிடும். கொடிய உழைப்பு அது. மனிதனுக்கும் மாட்டுக்கும் அதிலிருந்து விடுதலை தந்த விஞ்ஞானத்தை நான் மனமார வணங்குகிறேன். ஆயினும் எருதின் பலத்துக்கு ஓர் எல்லை இருந்தபடியால், அண்டைத் தோட்டத்து ஊற்றை வற்றடிக்கும் சக்தி அன்று எவரிடமும் இருக்கவில்லை என்பதையும் சொல்லாமல் விடலாகாது.

1932-ல் பைக்காராவில் நீர்மின் உற்பத்தி தொடங்கியபின், கோவை வட்டாரத்து ஆலைகளுக்கு வந்த மின்சாரம் நாளடைவில் கிணற்று மேட்டுக்கும் வந்து சேர்ந்தது. மேலே வைத்த பம்பு காற்றின் அழுத்தத்தை நம்பி உறிஞ்சுவதாதலால், அநுபவத்தில் சுமார் 25 அடிக்குக் கீழுள்ள நீரை எட்டாது; எனவே நீர் இறங்க இறங்க மோட்டாரையும் கிணற்றுக்குள் இறக்கினார்கள். பின்னர் நீர்மூழ்கி மோட்டார் வந்தது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வந்தன. 1,000 அடிக்கும் போர் போடலாயிற்று.

ஓர் இரவு அப்படிப்பட்ட வண்டியருகே நின்றிருந்தேன். துளையிலிருந்து பீறிட்ட கல்மாவு முருங்கை இலைகளையெல்லாம் வெளுக்கச் செய்துகொண்டிருக்க, தோட்டக்காரர் அதை நிமிஷத்துக்கு ஒருமுறை கையில் அள்ளி, ஈரம் தட்டுகிறதா என்று விரலால் தேய்த்துப் பார்த்தார். மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்துப் போட்ட போர் அது. ஈரம் தட்டவேயில்லை. ரிக் ஓய்ந்ததும், இன்னும் ஆழம் போக வசதி படைத்த பக்கத்துத் தோட்டத்தில் குழாய் கொட்டும் ஓசை எங்கள் இருவர் காதிலும் விழுந்தது. "என்ற கெணத்துத் தண்ணியெல்லாம் அவங்க போருக்குள்ள போயிருச்சுங்க" என்றார்.

அவர் சொன்னதில் உண்மை இருக்கலாம். ஆனால் குற்றம் எதுவும் நடக்கவில்லை. தன் எல்லைக்குள் அடியில் கிடக்கும் நீரை எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்பது 1882-ஆம் வருஷத்துச் சட்டத்திலிருந்து நாம் வைத்திருக்கும் நியாயம். அதை மாற்ற 2003-ல் தமிழகத்தில் இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டம், நடைமுறைக்கு வராமலே 2013-ல் ரத்தாயிற்று. சிறு விவசாயிகளுக்கு 1984-லும் பின்னர் அனைவருக்கும் கிடைத்த இலவச மின்சாரமோ, எவருடைய துளை ஆழமானதோ அவருக்கே அதிகமாகப் பிரயோஜனப்படுகிறது. ஒரு கிராமத்து ஊற்று முழுவதையும் பொதுச்சொத்தாகக் கருதி, போர்களின் ஆழத்துக்கும் எண்ணிக்கைக்கும் வரம்பு விதிக்கும் அதிகாரம் ஊராருக்கு வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அந்தத் தோட்டக்காரர் இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார். அவர் வயலில் களையெடுத்து வந்த இரண்டு பெண்கள், 7 மைல் தள்ளி, இன்னும் நீருள்ள தோட்டங்களுக்கு நடக்கிறார்கள்.