இளங்கோழிகள் கூண்டில் அடைய

பொரிப்பானில் பொரித்த நாட்டுக்கோழிக் குஞ்சுகளை வாங்கி வளர்ப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது தீவனத்தைப் பற்றி அல்ல. "ரெண்டு மாசமாச்சு சார், பொழுது போனா கூண்டுக்குள்ள போகமாட்டேங்குது, முருங்கையில ஏறிக்குது" என்பதுதான். மரநாயும் காட்டுப்பூனையும் நடமாடும் தோட்டத்தில் இது சின்ன விஷயமில்லை. இரண்டு மாத உழைப்பும் தீவனமும் ஒரே இரவில் போய்விடும். வங்கியில் நான் பார்த்த கோழிப்பண்ணைக் கடன் திட்டங்களில் கொட்டகைக்குச் செலவு எழுதியிருப்பார்கள். கோழி அதற்குள் போகுமா என்று எவரும் எழுதியதில்லை!

மரமேறுவது கோழியின் குற்றமில்லை. அதன் மூதாதையான காட்டுக்கோழி இரவில் மரத்தில்தான் தங்கும். தாயோடு வளரும் குஞ்சு, தாய் அடையும் இடத்தில் தானும் அடையும். பொரிப்பான் குஞ்சுக்கு அதைக் காட்ட ஆளில்லை.

இன்னொன்று, கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. பொழுது சாயும்போது வெளியே வெளிச்சம் மிச்சமிருக்கும், கூண்டுக்குள்ளே அதற்கு முன்பே இருட்டிவிடும். உள்ளே போகப் பயந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, கண்ணுக்குத் தெரிகிற கிளையில் ஏறிவிடும். அடம் என்று நாம் திட்டுவது இதைத்தான். ஆகவே அடையும் நேரத்துக்கு அரை மணி முன்பே உள்ளே ஒரு சின்ன பல்பைப் போட்டு, கடைசித் தீவனத்தையும் உள்ளேயே வையுங்கள். எல்லாம் கழியில் ஏறிய பிறகு அணையுங்கள். முன்னாடியே அணைத்தால் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்துக் கிடக்கும்.

புதுக் கூண்டுக்கு மாற்றினால் ஒரு வாரம் வெளியே விடாமல் அங்கேயே தீவனமும் தண்ணீரும் கொடுங்கள். பிறகு பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது மட்டும் திறந்து, நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டலாம்.

கழிக்கு நம் பக்கத்துச் சவுக்கே போதும். இரண்டு அங்குலக் கனம், பட்டை உரித்தது. பட்டை இடுக்கில் செள்ளுப்பூச்சி பதுங்கும். முதலில் ஒன்றரை அடி உயரத்தில், எல்லாக் கழியும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். ஏற்ற இறக்கமாக வைத்தால் மேல் கழிக்குச் சண்டைதான். முட்டைப்பெட்டி கழியைவிடத் தாழ்வாக இருக்கணும், இல்லையென்றால் அதில் ஏறித் தூங்கி எச்சமாக்கிவிடும்.

மரத்தில் பழகிவிட்டவற்றைப் பகலில் துரத்தாதீர்கள், கூண்டென்றாலே மிரளும். நன்றாக இருட்டியபின் மெதுவாக எடுத்துக் கழியில் உட்கார வையுங்கள். சில இரவுகள் விடாமல் செய்தால் பெரும்பாலானவை தானே வரும். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட வேண்டியவற்றையும் கழியிலிருந்து எடுப்பதே சுலபம். கால்நடைத்துறையின் பிப்ரவரி முகாமுக்கு முந்தைய இரவு எடுத்துப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிட்டால் காலையில் ஓடவேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குச் சாக்கு கட்டும்போது மேல்பக்கம் காற்றுப் போக இடம் விடுங்கள். எச்சத்தின் நெடி உங்கள் கண்ணை எரித்தால் கோழி அங்கே தங்காது. கழிக்குக் கீழே கடலைத்தோல் பரப்பி, நனைந்ததை அவ்வப்போது வாரி எருக்குழியில் போடுங்கள். மக்கிய பிறகு வயலுக்குப் போகட்டும், பச்சையாகப் போட்டால் பயிர் கருகும்.