வண்டிக்கும் ஒரு பேரேடு

கடையில் ஒரு மூட்டை துவரம் பருப்பு கணக்கில் இடித்தால், சிட்டையைப் புரட்டிப் பார்க்காமல் இரவு தூங்காதவர்கள் நாம். பல லட்சம் போட்டு வாங்கி வாசலில் நிறுத்தியிருக்கும் ஏழு பேர் வண்டிக்குக் கடைசியாக ஆயில் மாற்றியது எப்போது என்று கேட்டால் மட்டும், டிரைவர் முகத்தைப் பார்க்கிறோம்.

நம் அனுபவத்தையே சொல்லி விடுகிறோம். 2022 தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில் விருதுநகருக்குக் கொள்முதலுக்குப் புறப்பட்டோம். ஆடியில் செய்ய வேண்டிய சர்வீசை, ஆவணி முகூர்த்த வியாபாரம் முடியட்டும், ஆயுத பூஜை கழியட்டும் என்று தள்ளியிருந்தோம். வழியில், "அண்ணாச்சி, ஆயில் லைட் எரியுது" என்றார் டிரைவர் தம்பி. "பங்க் வரைக்கும் ஓட்டுப்பா, பார்த்துக்கலாம்" என்றோம். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே என்ஜினை நிறுத்த வேண்டும் என்பது அன்று நமக்குத் தெரியாது. பங்க் வருவதற்குள் விசில் போல் ஒரு சத்தம், பின்னால் புகை, அத்தோடு இழுவை போய்விட்டது.

பட்டறையில் கழற்றிப் பார்த்தபோது, ஆயில் தார் போல் திரண்டு அடியில் உள்ள சல்லடையை அடைத்திருந்தது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. மெல்லிய ஆயில் படலந்தான் அதைத் தாங்குகிறது. ஆயில் வரத்து நின்றால் சில நொடிகளில் தேய்ந்து இறுகிவிடும். பதினோரு நாள் வண்டி பட்டறையில் கிடந்தது. தீபாவளிச் சரக்கு வாடகை வண்டியில் வந்து சேர்ந்தது. அந்தப் பருவத்து லாபம் எங்கே போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை.

பல டீசல் வண்டிகளின் கையேட்டில் ஆயில் மாற்ற 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அது, என்று போட்டிருக்கும். நாம் கிலோமீட்டரை மட்டும் படிக்கிறோம், ஆண்டை விட்டுவிடுகிறோம். அதற்குக் கீழே 'கடினப் பயன்பாடு' என்று சின்ன எழுத்தில் ஒரு பகுதி இருக்கும். குறுகிய ஓட்டம், தூசி, அதிக பாரம், நின்ற இடத்தில் என்ஜின் ஓடுவது ஆகியவை இருந்தால் தவணையைக் குறைக்கச் சொல்லும். நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மார்க்கெட்டுக்குப் போய், ஏசியை ஓடவிட்டு, பின் சீட்டை மடக்கி மூட்டை ஏற்றும் நம் வண்டிக்கு இது அப்படியே பொருந்தும்.

2020 ஏப்ரல் முதல் விற்கும் பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் இன்னொரு சங்கதி உண்டு. புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. நெடுஞ்சாலையில் சூடேறி ஓடினால்தான் பிடித்த கரி எரிந்து தீரும். ஊருக்குள்ளேயே சுற்றினால் அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். எரிப்பு பாதியில் நின்று நின்று போனால் டீசல் ஆயிலில் கலந்துவிடும். குச்சியில் ஆயில் அளவு கூடியிருந்தால் சந்தோஷப்பட வேண்டாம், பட்டறைக்குப் போக வேண்டும். இந்த வண்டிகளுக்குக் கையேட்டில் சொன்ன தர ஆயிலே ஊற்ற வேண்டும். மலிவு என்று லாரிக்கு வாங்கிய டின்னை ஊற்றினால் வடிகட்டியில் சாம்பல் சேரும், அது எரிந்து போகாது.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் மலையிறக்கத்தில் சூடேறி ஆவிக் குமிழ் உண்டாகி, மிதி தரையைத் தொடும். குடும்பத்தோடு பழனி, கொடைக்கானல் என்று போகிறவர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படியும். டயர் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றிவிடுங்கள். மிளகாய் வற்றல், தவிட்டுத் தூசிக்கு நடுவே நிற்கும் வண்டியின் ஏர் பில்டரை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

வரி விஷயத்திலும் ஒன்று. ஓட்டுநரையும் சேர்த்துப் பதின்மூன்று இருக்கை வரையிலான பயணிகள் வண்டியின் சர்வீசுக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை, சாதாரண வணிகர் உள்ளீட்டு வரியாக எடுக்க முடியாது. சரக்கு வண்டிக்கு எடுக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு இரண்டுக்குமே இல்லை. ஆகவே இரண்டு வண்டி வைத்திருப்பவர்கள் பில்லை ஒன்றாகப் போடச் சொல்ல வேண்டாம். வண்டி எண்ணோடு தனித்தனியாக வாங்குங்கள்.

இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறோம். தேதி, கிலோமீட்டர், மாற்றிய பொருள், அடுத்த தவணை என்று நாலு பத்தி. தவணை பண்டிகை மாதத்தில் விழுந்தால் ஒரு மாதம் முன்னதாகவே செய்துவிடுகிறோம். எழுதுவது டிரைவர் தம்பி, வாரக் கணக்கு முடிக்கும்போது கையெழுத்துப் போடுவது நாம்.