கதைகளுக்கும் வரைபடம் உண்டு

தங்க ஆட்டுத்தோலைத் தேடி ஜேசன் கப்பலேறிய கிரேக்கக் கதையை, ஆண்ட்வெர்ப் நகரின் ஆபிரகாம் ஒர்டேலியஸ் 1598ஆம் ஆண்டிட்ட ஒரு வரைபடமாகவே தீட்டினார். இதை அறியாமை என்று ஒதுக்குவது அநியாயம். 1570இல் முதல் நவீன அட்லஸை வெளியிட்டவர் அவர். பழைய உலகின் படங்களை 1579 முதல் ‘பாரெர்கோன்’ என்ற தனிப் பகுதியில் சேர்த்தார். பண்டை இலக்கியம் படிப்போருக்கு அது அருமையான துணை. மாலுமிக்கு அங்கே வேலையில்லை.

அப்படியானால் பதினேழாம் நூற்றாண்டு அறிஞர் கிர்ச்சர் அட்லாண்டிஸை வரைந்தாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிளேட்டோ சொன்ன அந்தத் தீவை, தெற்கு மேலே இருக்கும்படி, ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே மெய்யாகவே நம்பி வரைந்தார் அவர். ஆனால் ஒர்டேலியஸ் இட்ட வேலி அவரிடம் இல்லை. பூமியின் உட்புறத்தை விளக்கும் 1665ஆம் ஆண்டு நூலுக்குள்ளேயே அதை வைத்துவிட்டார்.