விட்டு விட்டு வரும் இணையம்

“நெட் சுத்தமா இல்ல” என்று புகார் வந்தால் லைன்மேனுக்கு வேலை எளிது. எங்கோ கேபிள் அறுந்திருக்கிறது. தேடிப் போனால் கிடைத்துவிடும். “விட்டு விட்டு வருதுண்ணா” என்ற புகார்தான் அவரைப் படுத்தி எடுக்கிறது. அவர் வந்து நிற்கும்போது எல்லாம் ஒழுங்காக ஓடும். வண்டியைக் கிளப்பித் தெருமுனை தாண்டுவதற்குள் வீடியோ மறுபடி நின்று சுழலும். வீட்டுக்காரருக்கு எரிச்சல், அவருக்கு அலைச்சல். அந்தக் கோளாறு எந்த நேரத்தில், எந்த இடத்தில் பிறக்கிறது என்பது மட்டும் இருவருக்குமே தெரியாமல் போய்விடுகிறது.

நேரம் எவ்வளவு பெரிய தடயம் என்பதை வேல்ஸ் நாட்டின் அபெர்ஹோசன் என்ற சிற்றூர் காட்டியது. அந்த ஊரில் 18 மாத காலம் தினமும் காலை 7 மணிக்கு பிராட்பேண்ட் தடுமாறியது. தொலைபேசிக் கம்பிகளைப் பராமரிக்கும் ஓப்பன்ரீச் நிறுவனத்தார் வந்து சோதித்தார்கள். கேபிளின் பெரும்பகுதியைப் புதிதாக மாற்றியும் பார்த்தார்கள். பலனில்லை. கடைசியில் பொறியாளர் குழு ஒன்று, கொட்டும் மழையில் விடிகாலை 6 மணிக்கே அலைவரிசைகளை அளக்கும் கருவியோடு ஊருக்குள் நடந்தது. சரியாக 7 மணிக்குக் கருவியில் பெரிய மின்காந்த இரைச்சல் பதிவானது. தேடிப்போனால், ஒரு வீட்டுக்காரர் தினமும் அந்த நேரத்துக்குப் போடும் பழைய டிவி! 2020 செப்டம்பரில் செய்தி வெளியானபோது அந்த டிவி நிரந்தரமாக ஓய்வுக்குப் போயிருந்தது. ஊரின் இணைப்பும் சீராகிவிட்டது.

அந்த ஊருக்கு இணையம் வந்தது செம்புக் கம்பி வழியாக. நீண்ட செம்புக் கம்பி, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், ஆன்டெனாவாகவும் வேலை செய்யும். டிவி கிளப்பிய இரைச்சல், மோடம் பேசிக்கொள்ளும் அதே அலைவரிசைகளில் கலந்தது. நம் ஊர்களில் இன்று பெரும்பாலும் வீடு வரை வருவது கண்ணாடி இழை. அதற்குள் ஓடுவது ஒளி. எந்த டிவியாலும் அதைக் குழப்ப முடியாது. ஆனால் அந்த இழை ரூட்டரோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து உங்கள் கைப்பேசி வரையுள்ள சில அடிகள் வெறும் காற்று. வெளியே தெருவில் இழை, வீட்டில் ரூட்டர் பெட்டி, பிறகு காற்று. இந்த மூன்றில் எது சறுக்குகிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. அது தெரியாமல் புது ரூட்டர் வாங்குவதும், பிளானை உயர்த்துவதும், கம்பெனியை மாற்றுவதும் வீண்செலவு.

இந்தப் பிரிப்பைக் கெடுப்பது நமக்கெல்லாம் கைவந்த வைத்தியம்தான். “ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்.” இது பலிக்கும், மறுப்பதற்கில்லை. ரூட்டர் மறுபடி எழும்போது நெரிசல் குறைந்த வைஃபை சேனலைத் தேடிக்கொள்ளக்கூடும். நினைவகத்தில் குவிந்துபோன பழைய இணைப்புக் கணக்குகள் அழிகின்றன. எக்ஸ்சேஞ்சோடு புதிதாகப் பதிவு நடக்கிறது. மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்களுக்கான மருந்து. மூன்றையும் ஒரே மடக்கில் கொடுத்தால் எந்த நோய் என்பது தெரியாமலே போய்விடும். நாளை அதே நோய் திரும்பி வரும். ஆகவே சுவிட்சில் கை வைக்கும் முன் ரூட்டரின் விளக்குகளைப் பாருங்கள், முடிந்தால் போட்டோ எடுங்கள், மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். அரை நிமிட வேலை.

அடுத்தது பிங். கணினியில் ஏற்கெனவே இருக்கும் சின்னஞ்சிறு நிரல். ஒரு முகவரிக்குத் துணுக்குச் செய்தி அனுப்பி, பதில் திரும்ப எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று சொல்லும். அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த மைக் மூஸ் 1983 டிசம்பரில் இதை எழுதினார். அப்போது அவரைத் துரத்திக்கொண்டிருந்ததும் வலையமைப்பின் விளங்காத கோளாறு ஒன்றுதான். இத்தனை ஆண்டு கழித்தும் வீட்டு இணையத்துக்கு இதைவிட நல்ல நாடிபிடிப்பு இல்லை என்பது என் கருத்து. வேகம் காட்டும் செயலிகள் அந்த நொடியின் வேகத்தை மட்டும் காட்டும். அறுபடும் இணைப்புக்கு அது போதாது.

திரையில் இரண்டு ஜன்னல்களைத் திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் உங்கள் ரூட்டருக்கே பிங் ஓடட்டும். அதன் முகவரி பல வீடுகளில் 192.168.1.1, ரூட்டரின் அடியிலுள்ள ஸ்டிக்கரில் இருக்கும். மற்றொன்றில் வெளியுலக முகவரி ஒன்றுக்கு, கூகுளின் 8.8.8.8 போதும். இரண்டையும் நிறுத்தாமல் ஓடவிட்டு வழக்கமான வேலையைப் பாருங்கள். நல்ல வைஃபையில் முதல் ஜன்னல் 2, 3, 5 என்று சின்ன எண்களாகவே காட்டும். இரண்டாவதில் எண் பெரிதாக இருப்பது குற்றமல்ல. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும் 3,200 கி.மீ. கடலடிக் கேபிளில் போய்வரவே 32 மில்லிசெகண்ட் ஆகும். எண் சீராக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இணையம் தடுமாறும் கணத்தில் ரூட்டர் ஜன்னலே 300, 700 என்று துள்ளினாலோ பதில் வராமல் போனாலோ, கோளாறு உங்கள் வீட்டுக் காற்றில். லைன்மேனைக் கூப்பிட்டுப் பயனில்லை. ரூட்டர் ஜன்னல் 3, 4 என்று அசையாமல் நிற்க, வெளி ஜன்னல் மட்டும் விழுந்தால், கோளாறு தெருப்பக்கம். அவரைத் தைரியமாகக் கூப்பிடலாம். வெளி ஜன்னலும் ஒழுங்காக ஓட, வாட்ஸ்அப் வந்துகொண்டிருக்க, இணையதளங்கள் மட்டும் திறக்காவிட்டால் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரில் சிக்கல். ரூட்டரில் வேறு டிஎன்எஸ் முகவரி கொடுத்தால் தீரும்.

அடுக்குமாடி வீடுகளில் குற்றவாளி பெரும்பாலும் காற்றுதான். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இந்தியாவில் 13 சேனல்கள் உண்டு என்றாலும் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் வழக்கமாகப் பயன்படுபவை 1, 6, 11 ஆகிய மூன்றே. சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கின்றன. ஒவ்வொரு வைஃபையும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரே சேனலில் இருப்பவர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து பேசுபவர்களைப் போல: ஒருவர் முடித்தால்தான் அடுத்தவர் தொடங்கலாம். பக்கத்து வீட்டு ரூட்டரும் அந்த அறையில்தான் இருக்கிறது. கோடி அறையில் சிக்னல் மங்கிய பழைய கைப்பேசி ஒன்று இழுத்து இழுத்துப் பேசினால், அதுவரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். ராத்திரி 8 மணிக்கு மேல் மட்டும் நெட் மந்தமாகிறது என்றால் இந்த நெரிசலைச் சந்தேகியுங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் சூடாக்குகிறது. சாப்பாடு சூடாகும் நேரத்தில் வீடியோ நின்றால் காரணம் சமையலறையில்.

5 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு மாறிக்கொள்வது நல்ல தீர்வு. சுவரைத் துளைப்பதில் அது பலவீனமானது. அதுவே இங்கே நன்மை, பக்கத்து வீட்டு அலையும் உங்கள் சுவரோடு நின்றுவிடும். ஆனால் ரூட்டர் இருக்கும் இடம் முக்கியம். நம் வீடுகளில் வயர் எங்கே நுழைகிறதோ அங்கேயே, வாசல் கதவின் மேலோ டிவிக்குப் பின்னாலோ அதை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். படுக்கையறைக்கும் அதற்கும் நடுவில் ஒரு கான்கிரீட் தூண், ஒரு இரும்பு பீரோ, பீரோக் கதவில் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடியின் பின்பூச்சு உலோகம்; அலை திரும்பி ஓடிவிடும். இன்னும் பத்து மீட்டர் வயர் கேட்டு வாங்கி வீட்டின் நடுவில் உயரமாக வைத்தால், புது ரூட்டருக்கான செலவு மிச்சமாகலாம்.

மேசைக் கணினிக்கு வயர் இழுத்திருப்பவர்கள் ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளலாம்: 94. பிளான் 200 எம்பிபிஎஸ், ஆனால் சோதனை எப்போதும் 94 அருகிலேயே நிற்கிறதென்றால் ஈதர்நெட் கேபிளைப் பாருங்கள். அதற்குள் நான்கு ஜோடிக் கம்பிகள். கிகாபிட் வேகத்துக்கு நான்கும் வேண்டும். ஒரு ஜோடி அறுந்தால், இரண்டே ஜோடியில் ஓடும் 100 எம்பிபிஎஸ் வேகத்துக்குச் சத்தமில்லாமல் இறங்கிவிடும். ரூட்டர் பழையதோ மலிவானதோ என்றால், அதன் போர்ட்டே 100-ஐத் தாண்டாததாகவும் இருக்கலாம்.

இனித் தெருப்பக்கம். வீட்டுக்கு வரும் இழையில் ஒளி ஓடும் மையப்பகுதி 9 மைக்ரோமீட்டர். தலைமுடியின் பருமனில் ஏழெட்டில் ஒரு பங்கு. பச்சை நிற கனெக்டரின் முனையை 8 டிகிரி சாய்வாகத் தீட்டியிருப்பார்கள், எதிரொளிக்கும் ஒளி வந்த வழியே திரும்பாதிருக்க. அந்த முனையில் ஒரு தூசி உட்கார்ந்தால் அதுவே வழிமறிக்கும் பாறை. இழையைக் கூர்மையாக வளைத்தாலும், உள்ளேயே எதிரொளித்து ஓடவேண்டிய ஒளி ஓரமாகக் கசிந்துவிடும். பீரோவை நகர்த்தும்போது சுவருக்கும் அதற்கும் நடுவே சிக்கி நசுங்கிய மஞ்சள் வயர், விட்டு விட்டு வரும் இணையத்துக்குப் போதுமான காரணம். ஓர் எச்சரிக்கை: கழற்றிய முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கக் கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர்.

எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 2 மில்லிவாட் அளவில் கிளம்பும் ஒளி, ஸ்ப்ளிட்டரில் 32 வீடுகளுக்குப் பிரிகிறது. உங்கள் ரூட்டருக்கு வந்துசேர்வது மைக்ரோவாட் கணக்கில். லைன்மேன் ‘பவர்’ என்று சொல்வது இதைத்தான். அவரது மீட்டரில் −20 டிபிஎம் என்றால் 10 மைக்ரோவாட், −27 என்றால் 2 மைக்ரோவாட். 3 இறங்கினால் ஒளி பாதியாகும். −27, −28 வரை ரூட்டர் தாக்குப்பிடிக்கும். அதற்குக் கீழே, ஒளி வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாகச் சிமிட்டும். இந்த விளிம்பில் நிற்கும் இணைப்புதான் விட்டு விட்டு வருவது. மொட்டைமாடியில் தொங்கும் வயர் காற்றில் ஆடினால், இணைப்புப் பெட்டிக்குள் மழைநீர் இறங்கினால், அணில் உறையைக் கடித்துவைத்தால், மீதமிருந்த ஓரிரு டெசிபலும் போய்விடும். வெயில் வந்ததும் திரும்பிவிடும். லைன்மேன் வருவது வெயிலில்.

சிவப்பு விளக்கே இல்லாமல், எல்லா விளக்குகளும் ஒன்றாக அணைந்து ஒவ்வொன்றாக எரிந்தால் அது வேறு கதை: அடாப்டர். மின்தடையும் வோல்ட்டேஜ் ஏற்ற இறக்கமும் பழகிய ஊர்களில், 12 வோல்ட் கொடுக்கவேண்டிய அடாப்டர் சில வருடங்களில் தளர்ந்து, ரூட்டருக்குச் சுமை கூடும்போது கைவிட்டுவிடும். உலாவியில் ரூட்டரின் முகவரியைத் தட்டினால் திறக்கும் பக்கத்தில் ‘அப்டைம்’ என்றொரு கணக்கு ஓடும். யாரும் தொடாத ரூட்டர் பத்து நிமிடம்தான் விழித்திருக்கிறது என்று அது சொன்னால், முதலில் சில நூறு ரூபாய் அடாப்டரை மாற்றுங்கள்.

எதுவும் உடையாமலே வரும் கோளாறும் உண்டு. வீட்டில் ஒருவர் போட்டோக்களை மேகக்கணினிக்கு ஏற்றத் தொடங்கியதும் மற்றவரின் வீடியோ அழைப்பு தடுமாறும். பிங் எண் 30-இலிருந்து 500-க்கு ஏறும். கணினித் துறையில் பழுத்தவரான ஜிம் கெட்டிஸ் 2010-இல் தன் வீட்டிலேயே இதைத் துரத்திப்போய், ரூட்டர்களுக்குள் தேவைக்கு மேல் பெரிய காத்திருப்பு நினைவகம் இருப்பதே காரணம் என்று கண்டு உலகுக்குச் சொன்னார். 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். வரிசையில் காத்திருப்பு 5 மில்லிசெகண்டுக்கு மேலேயே நீடித்தால் சில துணுக்குகளைத் துணிந்து கைவிடுவது அதன் வழி. அனுப்புகிற கணினி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், வரிசை கலையும். நல்ல ரூட்டர்களில் இந்த வசதி உண்டு. இல்லாவிட்டால் போட்டோ ஏற்றத்தைத் தூங்கும் நேரத்துக்குத் தள்ளிவையுங்கள்.

புகார் கொடுக்கும்போது “நெட் சரியில்ல” என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்தத் தேதிகளில் எத்தனை மணிக்கு விழுந்தது, அப்போது எந்த விளக்கு எப்படி இருந்தது, ரூட்டருக்கான பிங் ஒழுங்காக இருந்ததா என்று சொல்லுங்கள். லைன்மேனிடம் போட்டோவைக் காட்டுங்கள். புதிதாக இணைப்பு வாங்குபவர்கள், மாட்டிவிட்டுக் கிளம்பும் முன் அவரிடம் “பவர் எவ்வளவுண்ணா?” என்று கேட்டு, அந்த எண்ணைத் தேதியோடு ரூட்டர் மேலேயே ஒட்டிவைக்க வேண்டும். அன்று −19 இருந்து இன்று −26 ஆகியிருந்தால், வழியில் எங்கோ ஒளியின் ஐந்தில் நான்கு பங்கு கசிந்திருக்கிறது. நெட் அந்த நிமிடம் ஓடிக்கொண்டிருந்தாலும், மாடியிலுள்ள பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்ல உங்களுக்கு அந்த ஓர் எண் போதும்.