நல்ல கேம் செய்தால் மட்டும் போதுமா?

பத்திரிகைக் கதவைத் தட்டும் சிறு நிறுவனங்களுக்கு ஒரு வழிகாட்டி

2018 ஜூனில் 'அமாங் அஸ்' என்ற கேம் கைபேசிகளுக்கு வெளியானது. செய்தது அமெரிக்காவின் இன்னர்ஸ்லாத் என்ற மிகச் சிறிய குழு. விண்கலத்தில் பயணிக்கும் கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் துரோகி யார் என்று கண்டுபிடிக்கும் ஆட்டம் அது. இரண்டு ஆண்டுகள் அதைப் பற்றிப் பெரிதாகப் பேச்சில்லை. 2020-இல் ஊரடங்கு உலகத்தை வீட்டுக்குள் அடைத்தபோது, ட்விட்ச் தளத்தில் நேரலையாக ஆடிக்காட்டும் ஸ்ட்ரீமர்கள் சிலர் அதைக் கையிலெடுத்தார்கள். சில வாரங்களில் பேச்செல்லாம் அதுவாகிவிட்டது. அறிவித்திருந்த இரண்டாம் பாகத்தைக் கைவிட்டு, முதல் கேமையே மெருகேற்றத் திரும்பியது அந்தக் குழு.

அந்த இரண்டு ஆண்டுகளில் ஆட்டத்தின் அடிப்படை மாறவில்லை. இப்படி ஒன்று இருக்கிறது என்ற சேதிதான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. எல்லாச் சிறு நிறுவனங்களாலும் இரண்டு ஆண்டுகள் காத்திருக்க முடியாது. சேமிப்பு கரைந்துவிடும், கூட்டாளிகள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். அதனால் சேதியை ஊருக்குக் கொண்டுபோகும் வேலையையும் கேம் செய்யும் வேலையின் ஒரு பகுதியாகவே எண்ண வேண்டியிருக்கிறது.

கண்ணில் படுவது ஏன் கடினம்?

கணினி கேம்களுக்கான பெரிய கடையான ஸ்டீம், 2017 ஜூனில் தன் வாசலை அகலத் திறந்தது. 100 டாலர் கட்டினால் யாரும் தங்கள் கேமை அங்கே விற்கலாம். விளைவு, 2024-இல் மட்டும் 18,000-க்கும் அதிகமான கேம்கள் அங்கே வந்தன. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஐம்பது. இன்னொரு பக்கம், கேம்களைப் பற்றி எழுதுவோர் குறைந்து வருகிறார்கள். 1991 முதல் வந்துகொண்டிருந்த 'கேம் இன்ஃபார்மர்' இதழே 2024 ஆகஸ்டில் மூடப்பட்டு, மறு ஆண்டுதான் மீண்டு வந்தது. மிஞ்சியிருக்கும் நிருபர்களின் அஞ்சல் பெட்டியில்தான் இத்தனை பேரும் மோதுகிறார்கள்.

நிருபருக்கு என்ன வேண்டும்?

'புதுமையான, விறுவிறுப்பான எங்கள் கேமைப் பாருங்கள்' என்று தொடங்கும் கடிதத்தில் செய்தி இல்லை. எந்தக் கேமுக்கும் அந்த வரி பொருந்தும். வேறு எதற்கும் பொருந்தாத ஒரு வரி வேண்டும்.

டொராண்டோவின் விசாய் கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா'வைப் பாருங்கள். 1980-களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்த் தாய், அங்கங்கே அழிந்துபோன தன் அம்மாவின் சமையல் குறிப்பேட்டைப் பார்த்து, விட்டுப்போனதை யூகித்து இட்லியும் பிரியாணியும் சமைக்கிறாள். ஒரே வரியில் ஆள், இடம், காலம், ஆட வேண்டிய ஆட்டம் எல்லாம் வந்துவிட்டன. கேம் ஆடாதவருக்கும் அது புரியும். சமையல், புலம்பெயர்வு, தாய்மொழி பற்றி எழுதும் எவருக்கும் அதில் ஒரு கட்டுரை இருக்கிறது. 2024-இல் அறிமுக கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதை அது வென்றது. ஆகவே கேம் பக்கங்களுக்கு மட்டும் எழுதி நின்றுவிடாதீர்கள். உங்கள் கேம் மீனவர் வாழ்க்கையைப் பற்றியதென்றால், மீனவரைப் பற்றி எழுதும் நிருபரும் உங்களுக்கு உரியவர்தான்.

பிரஸ் கிட் என்றால் என்ன?

செய்தி எழுத நிருபருக்குத் தேவையானவை அனைத்தும் ஓரிடத்தில் இருக்கும் பக்கம். நெதர்லாந்தின் விளாம்பியர் என்ற இருவர் நிறுவனத்தைச் சேர்ந்த ரமி இஸ்மாயில், இதற்காகவே 'பிரஸ்கிட்' என்ற கருவியை உருவாக்கி, மற்றச் சிறு நிறுவனங்களுக்கும் இலவசமாகக் கொடுத்தார். போட்டியாளர்கள் என்று ஒதுக்காமல் எல்லோருக்கும் அவர் திறந்துவைத்த கதவு அது.

அப்படி ஒரு பக்கத்தில் இருக்க வேண்டியவை: கேமின் பெயர், வெளியாகும் நாள், விலை, எந்தெந்தக் கருவிகளில் ஆடலாம், இரண்டு பத்தி விவரம், டிரெய்லர், குழுவினர் பெயர், தொடர்பு முகவரி. கூடவே அச்சுக்கு ஏற்ற தெளிவான படங்கள். தலைப்புப் பலகையை மட்டும் காட்டாமல், ஆட்டம் நடக்கும் காட்சிகளைக் கொடுங்கள். மாலை ஆறு மணிக்குப் பக்கத்தை முடிக்க வேண்டிய உதவி ஆசிரியர், படம் கேட்டு அஞ்சல் எழுதிக் காத்திருக்க மாட்டார்.

எப்போது எழுதுவது?

வெளியான மறுநாள் எழுதினால் தாமதம். விமர்சகர் ஆடிப் பார்க்க வேண்டும், எழுத வேண்டும். அதற்குச் சில வாரங்களாவது கொடுங்கள். கேமைத் திறக்கும் கீயை முதல் கடிதத்திலேயே வைத்துவிட்டால் ஒரு சுற்று அஞ்சல் மிச்சம். குறிப்பிட்ட நாளுக்கு முன் வெளியிட வேண்டாம் என்றால் அந்த நாளையும் நேரத்தையும் தெளிவாகச் சொல்லுங்கள். இதைத்தான் எம்பார்கோ என்கிறார்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனியாளாக உழைத்து 'ஸ்டார்டியூ வேலி' கேமைச் செய்த எரிக் பரோன், 2016 பிப்ரவரியில் அது வெளியாகும் முன்பே ஸ்ட்ரீமர்களின் கையில் சேர்த்துவிட்டார். வெளியான நாளில் ஆடிக்காட்ட ஆட்கள் தயாராக இருந்தார்கள். கேமின் ஒரு பகுதியை முன்கூட்டியே ஆடிப் பார்க்கத் தரும், ஸ்டீம் நடத்தும் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் போன்ற டெமோ திருவிழாக்களும் கடிதம் எழுத நல்ல தருணம்.

பணம் கொடுக்கலாமா?

விளம்பரத்துக்குப் பணம் கொடுப்பது தவறில்லை. அதை மறைப்பதுதான் தவறு. ஒரு கேமைப் பாராட்ட யூடியூபர்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு அதைச் சரிவரத் தெரிவிக்கவில்லை என்று வார்னர் பிரதர்ஸ் மீது அமெரிக்க வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 2016-இல் அது சமரசத்தில் முடிந்தது. இந்தியாவிலும் 2021 முதல், பணம் பெற்ற பதிவில் அதைக் குறிப்பிட வேண்டும் என்பது விளம்பரத் தர கவுன்சிலின் விதி. மறைத்து வாங்கிய ஒரு பாராட்டு வெளிப்பட்டால், உண்மையாகக் கிடைத்த பாராட்டுகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

போலிகளை அறிவது எப்படி?

பெரிய யூடியூபர் பெயரில் கீ கேட்டு அஞ்சல் வரும். அதன் பின்னால் கீகளை வாங்கி விற்கும் கூட்டமும் இருக்கலாம். 'ஃபேக்டோரியோ' கேமைச் செய்த செக் நாட்டு நிறுவனத்திடமிருந்து களவுபோன 198 கீகள் ஜி2ஏ என்ற சந்தையில் விற்கப்பட்டது உறுதியானபோது, 2020-இல் அந்தச் சந்தை 39,600 டாலர் இழப்பீடு கொடுத்தது. எனவே வந்த முகவரியை அந்தச் சேனலின் பக்கத்தில் உள்ள முகவரியோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் கீயை அனுப்பாதீர்கள்.

பதிலே வராவிட்டால்?

ஒரு வாரம் கழித்துச் சுருக்கமாக ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் தொந்தரவு. அடுத்த கடிதத்துக்குப் புதுச் செய்தி ஒன்று வேண்டும்: டெமோ வந்தது, தேதி உறுதியானது, விருதுப் பட்டியலில் இடம் கிடைத்தது. புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2017-இல் 'ராஜி' என்ற கேமுக்காகக் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டியபோது இலக்கை எட்ட முடியவில்லை. அவர்கள் விடவில்லை. 2020 ஆகஸ்டில் நின்டெண்டோவின் காணொளி அறிவிப்பில் இடம்பெற்று அந்தக் கேம் வெளிவந்தது. அதே ஆண்டு 'தி கேம் அவார்ட்ஸ்' அறிமுக கேம் பட்டியலிலும் இடம் பிடித்தது.

கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்களுக்கும் ஒரு கடமை உண்டு. புதிய படத்துக்கும் நாவலுக்கும் விமர்சனம் எழுதும் தமிழ் இதழ்கள், கேமுக்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும். நம் சமையலறையின் கதையைச் சொன்ன கேம் லண்டன் மேடையில் விருது வாங்கியிருக்கிறது. அடுத்த 'வெண்பா' மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ உருவாகி, அதன் கடிதம் எங்கள் அஞ்சல் பெட்டிக்கு வரும் நாளில், அதைத் திறந்து ஆடிப் பார்க்க இங்கே ஒருவர் இருக்க வேண்டும்.